அத்தானின் ஈட்டிச்சுவரும் என் குதிரைகளும்

போன வாரம் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்குப் பெயின்ட் அடிக்க ஓர் ஆள் வந்திருந்தார். டர்பன்டைன் டப்பாவை அவர் திறந்ததுமே எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வாடை ஒத்துக்கலீங்களா?" என்றார் பாவம். வாடை ஒத்துக்கொள்ளும். அதோடு சேர்ந்து வருகிற ஒரு மனிதரின் நினைவுதான் ஒத்துக்கொள்ளாது. ராஜேந்திரன் அத்தான், என் அக்கா வசந்தாவின் புருஷன்.

காரைக்கால் சொல்தாக்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கிறீர்களோ என்னவோ. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த எங்கள் ஊர்க்காரர்களை அப்படித்தான் சொல்வோம். எழுபதுகளின் கடைசியில், ஆடி மாதம் பிறந்தால் தலத்தெருவில் லீவுக்கு வந்த சொல்தாக்களின் சென்ட் வாசனை ஊதுவத்தியையே அமுக்கிவிடும். பூவம் கிராமத்து வயலை நம்பிப் பிழைத்த அப்பாவுக்குச் சொல்தா மாப்பிள்ளை கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை விமானம் ஏறினார். அக்கா எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டாள். ஒவ்வொரு லீவிலும் அத்தான் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "பப்பியே இன்னும் வரல மாமா." பப்பியே என்றால் காகிதம், அக்காவை அழைத்துப்போவதற்கான காகிதம்.

காகிதம் வரவில்லையே தவிர, பெட்டி நிறைய ஈயப் பொம்மைகள் வந்தன. விரல் உயரத்தில் பழங்காலத்து ஈட்டிக்காரர்கள், வில்லாளிகள், குதிரைவீரர்கள். முகாமில் ஓய்வு நாட்களில் பகடையும் அளவுகோலும் வைத்துப் பழைய போர்களை ஆடுவார்களாம். எங்கள் கூடத்தில் உட்கார்ந்து, டர்பன்டைனில் பிரஷ்ஷை முக்கி முக்கி, ஒவ்வொரு குதிரைக்கும் கண் எழுதுவார். அக்கா காப்பி கொண்டுவந்து வைத்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

ஆட எதிராளி வேண்டுமே. நான் அப்போதுதான் மின்சார ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குவதைத் தவிர வேறு லட்சியம் இல்லாதவன். இரண்டு பெஞ்சுகளின் மேல் பலகையைப் போட்டு, பச்சைப் போர்வை விரித்து, அடியில் புத்தகங்களைச் செருகினால் குன்று. ஈட்டிப்படை எப்போதும் அவருக்கு, குதிரைப்படை எனக்கு.

குதிரை என்றால் பாயத்தானே வேண்டும்? பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வரிசையாகப் பரப்பி வைப்பேன். பார்க்கக் காலண்டர் படம் மாதிரி அம்சமாக இருக்கும். அப்படியே பாய்ந்து, ஈட்டிச்சுவரில் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உடைந்துபோவேன். ஒரு குதிரைக்குப் பின்னால் இன்னொன்று நின்றால் மோதும்போது பகடையில் விழுந்த எண்ணோடு அதன் பலத்தையும் கூட்டிக்கொள்ளலாம், முன்னது விழுந்தால் பின்னது அந்த இடத்துக்கு வரும் என்பதெல்லாம் விதியில் உண்டு. எனக்குத்தான் குதிரையை ஒளித்துவைக்க மனசு வராது.

"மச்சான், நீ கரன்ட் ஆபீஸ்ல பில்லு எழுதத்தான் லாயக்கு. ஒங்க குடும்பத்துக்கே முன்ன பின்ன பாக்கத் தெரியாது" என்பார். அப்பாவும் சேர்ந்து சிரித்துவைப்பார். மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. என் பகையைக் காட்ட அந்தப் பலகை ஒன்றுதான் இருந்தது. அங்கேயும் தோற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரம் அத்தான் சிநேகிதர்களைப் பார்க்கப் பாண்டிச்சேரிக்குப் போனார். திங்கட்கிழமை சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்தால், அக்கா தானே பலகையை விரித்து, அவர் வழக்கமாக ஆடும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

"உக்காருடா. நாந்தான் அவரு. என்னய ஒடைச்சுக் காட்டு."

உடைக்க முடியவில்லை. அக்காவுக்கு ஆத்திரம் வந்தது. "எல்லா எடத்துலயுமா மோதுவ? ஒரு எடத்தப் பாத்து மோதுடா!"

அந்த வாரம் முழுக்கச் சண்டைதான். குதிரைகளை நான்கு வரிசை ஆழத்தில் குறுகலாக நிறுத்திப் பார்த்தோம். நேரே போனால் இடி மாதிரி இறங்கியது. ஆனால் பக்கவாட்டில் யாராவது தொட்டால் திரும்ப முடியாமல் செத்தது. அதனால் இரண்டு பக்கமும் வேகக் குதிரைகளைக் காவல் வைத்தோம். வெட்டவெளியில் நிறுத்தினால் அம்புக்குத்தான் தீனி. வேளை வரும்வரை குன்றுக்குப் பின்னால் வைத்தோம். மோதவேண்டிய இடம் ஈட்டிக்காரர்களும் வில்லாளிகளும் சேர்கிற மூட்டு. முதல் திரள் ஓட்டை போட்டதும் நுழைய இன்னொரு திரள் தயாராக இருக்கவேண்டும். அக்கா பகடையை எறிந்த வேகத்தில் அது ஒருமுறை சமையற்கட்டுவரை போய் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் என் அணிவகுப்பைப் பார்த்துச் சிரித்தார். "என்ன மச்சான், ரயிலு வண்டியா?"

நான் வேகக் குதிரைகளை முன்னே தட்டிவிட்டேன். அவற்றை விரட்ட அவர் வில்லாளிகளை முன்னே நகர்த்தினார். ஈட்டிச்சுவரின் ஓரம் கட்டைவிரல் அகலத்துக்குத் திறந்தது. முதல் திரளை அதில் இறக்கினேன். முன்வரிசை விழுந்தது, பின்வரிசை வந்தது, அதுவும் விழுந்தது. மூன்றாவது வரிசையில் சுவர் உடைந்தது. இரண்டாவது திரள் உள்ளே போனபோது அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"யாரு சொல்லிக்குடுத்தா?"

"நாந்தாங்க" என்றாள் அக்கா, சமையற்கட்டு வாசலில் நின்றபடி. "ஒங்க எடத்துல ஒரு வாரம் உக்காந்து பாத்தேன். பப்பியே எப்பங்க வரும்? அப்பா முன்னாடியே சொல்லுங்க."

தோற்ற கோபமோ என்னவோ, அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். "வராது. நான் எழுதிப் போடவே இல்ல. அங்க வந்து நீ என்ன பண்ணுவ?"

அப்பா எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பெட்டிய எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க மாப்ள." அப்போதும் 'ங்க' விடவில்லை.

அவர் ஒவ்வொரு குதிரையாகப் பஞ்சில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார். கால் ஒடிந்துவிடக் கூடாதே என்று அத்தனை பதமாக. அந்தப் பதத்தை நான் மன்னிக்கவே இல்லை.

பிறகு அவர் வரவில்லை. அக்கா ஆசிரியப் பயிற்சி முடித்து, பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, அதட்டுவதற்குப் பேர்போன டீச்சராகி ஓய்வும் பெற்றுவிட்டாள். அவர் பிரான்சிலேயே இறந்துபோனதாக யாரோ சொன்னபோது நான் தலைக்குக்கூடக் குளிக்கவில்லை. அப்பா போய்விட்டார். எங்கள் வீட்டை இடித்துக் கட்டிய அடுக்குமாடியில் கூடம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சொல்தா என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாது.

பெயின்ட் அடித்த அன்றைக்கு அக்காவுக்குப் போன் போட்டேன். "அந்தக் குதிரையெல்லாம் ஞாபகம் இருக்காக்கா?"

"எந்தக் குதிரடா?"

சொன்னேன். "ஆமா, என்னமோ வெளாடுனோம். அவரு பேரே சட்டுன்னு வர மாட்டேங்குதுடா" என்றவள், பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அவளுக்காகத்தான் இத்தனை வருஷமும் அந்த ஆளை வெறுத்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.