மகள் தொட்ட கால்

நேபாளத்தில் தான்சேன் ஊர் மலைச்சரிவில் டீக்கடை வைத்திருக்கும் தேக் பகதூர் பஸ்நேத்துக்கு வலது கால் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், ஏற்றத்தில் நாலு எட்டு வைத்ததும் நின்று பனிமலையைப் பார்ப்பார். "மலை எங்கயும் ஓடிடாது மாமா!" என்று கடைத்தெருவே கேலி செய்யும். கெண்டைக்கால் வலியை ஒருவரிடமும் சொல்லவில்லை; அத்தனை வீம்பு. விரல் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரி. தொடையிலிருந்தே ஒரு குழாயை எடுத்து, அடைப்பைத் தாண்டி ஒட்டுப்போட்டார்கள். சிகரெட்டையும் விட்டொழித்தார். அடுத்த மழைக்காலத்தில் பால்கேனைத் தூக்கிக்கொண்டு நிற்காமல் ஏறினார். மலையைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரமில்லாத மனிதராகிவிட்டார்.

டாக்டர் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. தினமும் பாதத்தின் மேல் நாடி பார்க்க வேண்டும். துடிப்பு நின்றால் ஒட்டு அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். உடனே ஓடிவராவிட்டால் கால் மிஞ்சாது. அந்த வேலையை மனைவி தில்மாயா எடுத்துக்கொண்டாள். எப்படியும் காலையில் புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறவள்தானே. கும்பிட்ட கையோடு அழுத்திப் பார்த்து, "ஜோரா துடிக்குது" என்பாள்.

தீஜ் பண்டிகைக்குத் தாய்வீடு வந்த மகள் ரூப்கலா, மறுநாள் காலை இதைப் பார்த்துவிட்டாள்.

"கட்டைவிரலாலயா பாக்குற? அது உன் துடிப்பும்மா! நர்ஸ் அன்னிக்கே சொன்னாங்களே. நகரு, நான் பாக்குறேன்."

தேக் பகதூர் காலை வெடுக்கென்று கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். அவர்கள் வழக்கத்தில் அப்பன்தான் மகள் காலில் விழவேண்டும். மகள் அப்பன் காலைத் தொட்டால் அப்பனுக்குப் பாவம்.

"வேணாம் அம்மாடி. என்னை நரகத்துல தள்ளாத."

"நேத்து நொண்டுனீங்களே?"

"புதுச் செருப்பு கடிக்குது."

"ஒத்தைக் காலோட சொர்க்கத்துக்கு எப்படி ஏறுவீங்க? பெரிய ஏத்தமாச்சே அது!"

தில்மாயா சிரித்துவிட்டாள். அவருக்கும் சிரிப்பு வந்தது. அவர் அசந்த நேரம் பார்த்து ரூப்கலா கம்பளியை விலக்கிக் காலைப் பிடித்தாள். பாதம் சில்லென்றிருந்தது. இரண்டு விரல்களை வைத்தாள். நகர்த்தி நகர்த்தி வைத்தாள். ஒன்றுமே இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் வீட்டில் சிரிப்பு அடங்கியது.

உடனே ஜீப் பிடித்து மலையிறங்கினார்கள். டாக்டர் ஒட்டுக்குழாயைத் திறந்து, உறைந்திருந்த ரத்தத்தை எடுத்தார். பாதம் மறுபடி சூடேறியது. "நல்ல ஒட்டும் சில சமயம் இப்படி அடைச்சுக்கும். இன்னும் தாமதிச்சிருந்தா காலை எடுத்திருப்போம்" என்றார். தில்மாயா அழுத அழுகையைச் சொல்லி மாளாது. அன்றிலிருந்து நாடி பார்ப்பது மகள் வேலையாயிற்று. அவள் தொட்டுவிட்டு எழுந்ததும் அவர் குனிந்து அவள் காலில் நெற்றியை வைத்து எடுப்பார். கணக்கு நேராகிவிட்டதாம்.

அவள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் நாள் வந்தது. பஸ் நிறுத்தத்தில், தில்மாயா பக்கத்தில் நிற்க, ஊர் பார்க்க, தேக் பகதூர் வழக்கப்படி மகள் காலில் விழுந்து எழுந்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, வலது காலை அவளிடம் நீட்டினார்.

பக்கத்துக் கடைக்காரர் வாயைப் பிளந்தார். "யோவ், பாவமய்யா!"

"அதை நான் சுமந்துக்கிறேன்" என்றார் தேக் பகதூர். "நீ பாரு அம்மாடி. அம்மாவுக்கும் எந்த விரல்னு காட்டிட்டுப் போ."