போயிட்டு வர டிக்கெட்

என் அண்ணிக்கு ஊரில் பாதிப் பேரின் பிறந்த தேதி தெரியும். யார் வயதைக் குறைத்துச் சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டார், யார் வீடு யார் பேரில் இருக்கிறது, எல்லாம் தெரியும். பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை பார்ப்பவளுக்குத் தெரியாமல் போகுமா? ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்கும்.

நான் அவளுக்கு நாத்தனார். அவர்கள் மாடியில், நான் கீழ் வீட்டில். நாத்தனார் எழுதுகிறாளே, குறை சொல்லத்தான் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். குறையும் சொல்லத்தான் போகிறேன். அண்ணிக்கு "இல்லை", "முடியாது" என்று சொல்லவே வராது. கடை ஷட்டரைப் பாதி இறக்கியபிறகு நாற்பது பக்கத்தோடு ஒருவர் குனிந்து உள்ளே வருவார். "மெஷின் சூடாகணும், ரெண்டு நிமிஷம் உக்காருங்க" என்று அணைத்த மெஷினை மறுபடி போடுவாள். மாடியில் என் அண்ணன் பசியோடு மணியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு குறை. கிளம்பும்போது "போறேன்" என்று நம்மில் யாரும் சொல்வதில்லைதான், "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்கிறோம். அண்ணி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போவாள். பித்தப்பையில் கல் எடுக்க மயக்க மருந்து கொடுத்தபோது, கண் சொருகுவதற்கு முன் டாக்டரைப் பார்த்து, "போயிட்டு வரேங்க" என்றாளாம். அந்த டாக்டர் இன்றைக்கும் கடைக்கு வந்தால் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் பிரதியை எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரிஜினலை மெஷின் மூடிக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போவது வழக்கம். அண்ணி அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் பின்னாலேயே ஓடுவாள். அப்படி ஒரு நாள் மூடியைத் திறந்தபோது கையால் வரைந்த ஒரு வரைபடம் இருந்தது. சின்னத் தீவு ஒன்று. படகுத்துறை, ஒரு தெரு, தென்னந்தோப்பு, அந்தப் பக்கக் கரையில் கவிழ்த்துப் போட்ட படகு, எல்லாம் பென்சிலில். ஓரத்தில், "சுற்றி வர மூணு மணி நேரம். அறை வாடகை மலிவு. தையல்கடை மாடி" என்று எழுதி ஒரு போன் நம்பர்.

மறுநாள் தாடி வைத்த ஒரு பையன் தேடிக்கொண்டு வந்தான். கையில் காசில்லாமலே ஊர் ஊராகச் சுற்றுகிற ஜாதி. அண்ணி ஒரிஜினலைக் கொடுத்துவிட்டாள். கொடுப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் தனக்கென்று எடுத்த முதல் பிரதி அதுதான்.

அப்புறம் கடை முதலாளி புது மெஷின் வாங்கினார். பழையதைத் தூக்கி, சுவருக்கு வெள்ளையடித்து, புதியதை வைக்க நாலு நாள் கடை மூடல் என்றார். அன்று சாயங்காலம் அண்ணி அந்தக் காகிதத்தை மேஜையில் விரித்தாள்.

"நான் இங்க போய் நாலு நாள் இருக்கலாம்னு பாக்கறேன். தனியா. இந்தத் தீவை ஒரு தடவை நடந்தே சுத்தி வரணும்."

அண்ணன் தடுக்கவில்லை. தடுத்திருந்தால்கூடத் தேவலை. சிரித்தான். "தாராளமா போ. காலையில படகுல போவே, சாயங்காலப் படகுல வந்து இங்கயே நிப்பே."

அண்ணி முகத்தில் ஈயாடவில்லை. நானும் மனசுக்குள் அதையேதான் நினைத்தேன். அதை இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

இனி நடந்ததை, பின்னால் அண்ணி சொன்னதை வைத்துத்தான் சொல்கிறேன். நடுவில் நான் கொஞ்சம் மசாலா சேர்த்திருக்கலாம்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் கம்பிக்குப் பின்னால் தலை நிமிராமல் கேட்டார். "போகவா, போயிட்டு வரவா?"

தண்ணீரைத் தாண்டப்போகிற நேரத்தில், "போக" என்று அண்ணி வாயில் வருமா? "போயிட்டு வரேங்க" என்றாள். அவர் சிவப்புச் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். ஊரார் காகிதத்தையெல்லாம் எழுத்து எழுத்தாகப் படிக்கிற அண்ணி, தன் கையில் இருந்த சீட்டைப் படிக்காமல் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். அது அன்றைக்கே திரும்பி வருகிற டிக்கெட்.

தையல்கடை மாடி அறை கையகல அறை. கட்டிலுக்கு மேலே கொடியில், அடுத்த வாரம் கொடுக்கவேண்டிய பள்ளிச் சீருடைகள் வரிசையாகத் தொங்கின. மூலையில் தலையில்லாத துணிக்கடைப் பொம்மை ஒன்று பாதி தைத்த ரவிக்கையோடு நின்றது. ஜன்னலைத் திறந்தால் கடல். "பொம்மை இடைஞ்சலா இருந்தா கீழ எடுத்துட்டுப் போயிடறேன்" என்றாள் தையல்காரம்மா. "இருக்கட்டுங்க, பேச்சுத் துணைக்கு" என்றாளாம் அண்ணி. பையை அங்கே போட்டாள். ரொட்டி, நாலு வாழைப்பழம், தண்ணீர் பாட்டில், வரைபடம் மட்டும் எடுத்துக்கொண்டாள். நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

தீவில் யாரிடம் வழி கேட்டாலும் ஒரே பதில்தான். "இப்படியே போனா வந்துடும்." என்ன வரும் என்று யாரும் சொல்லவில்லை. வந்துகொண்டேதான் இருந்தது. ஆறு ஜன்னல் வைத்த பள்ளிக்கூடம் வந்தது. மட்டையும் ஓடுமாகக் குவிந்த தென்னந்தோப்பு வந்தது. சதுப்பில் வேர் மண்டி வழி அடைபட்ட இடம் வந்தது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் நீரில் இறங்கி நடந்தாள். தாடிக்காரனுக்கு மூன்று மணி நேரம் என்றால் அண்ணிக்கு ஆறு ஆகும். ஒவ்வொரு நண்டுக்கும் நின்றாள். கவிழ்த்துப் போட்ட படகு நிஜமாகவே இருந்தது. அதன்மேல் ஏறி உட்கார்ந்து கடைசி வாழைப்பழத்தைச் சாப்பிட்டாள்.

"காலையிலேருந்து யாரையும் எத்தனை ஜெராக்ஸ்னு கேக்கலைன்னு அப்பதான் ஞாபகம் வந்துச்சு" என்றாள் என்னிடம். இதைச் சொல்லும்போது அவளுக்கு வாயெல்லாம் பல்.

அப்போது தூரத்தில் படகு ஹாரன் விடாமல் அடித்தது. அங்கே சாயங்காலம் இப்படித்தான் அடிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில், பின்னால் மீன் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் ஒருவர் மணலைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றார்.

"காலையில படகுல தனியா வந்த அம்மா நீங்கதானே?"

"ஆமாங்க."

"போயிட்டு வரேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேங்க. எப்பவும் சொல்றதுதான்."

"நல்லா சொன்னீங்க! நோட்டுல முப்பத்திரண்டு தலை, படகுல முப்பத்தோரு தலை. எண்ணிக்கை சரியா இல்லாம படகுக்காரர் கயிறை அவுக்க மாட்டார். ஏறுங்க, ஏறுங்க."

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீன் பெட்டிக்கும் அவர் முதுகுக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். படகுத்துறைக்கு வந்தால், அவள் பையைக்கூடத் தையல்காரம்மாவிடம் வாங்கிப் படகில் ஏற்றி வைத்திருந்தார்கள். முப்பத்தோரு பேரும் அவளை முறைத்தார்கள். "எனக்கு ஆறரைக்கு டூட்டி, ஆஸ்பத்திரியில பதில் நீங்க சொல்றீங்களா?" என்றாள் ஒரு நர்ஸ். அண்ணி வாயைத் திறந்தாள். "இல்லைங்க, நான் வந்து..." அதற்குமேல் வரவில்லை. அடுத்தவர்களைக் காக்கவைத்துப் பழக்கமில்லாதவள். பலகையில் கால் வைத்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சுற்றில் மூன்றில் ஒரு பங்கு இன்னும் பாக்கி இருந்தது. பர்ஸிலிருந்த சீட்டை அப்போதுதான் எடுத்துப் படித்தாள்.

இனி நடந்ததற்கு நானே சாட்சி. மாடியில் அண்ணன் பானையை இறக்கிக்கொண்டிருந்தான். அண்ணிக்குப் போன் போட்டு, கை ஈரமாக இருந்ததால் அதை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் விட்டிருந்தான். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"என்ன, படகு ஏறியாச்சா?" என்றான்.

"ஏறிட்டேங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். "எனக்குத் தெரியாதா? உனக்கும் சேர்த்தே சாதம் வச்சுட்டேன்."

இன்ஜின் சத்தத்துக்கு நடுவே அவள் கேட்டாள்.

"எப்ப வச்சீங்க?"

"இப்பதான் இறக்கறேன். மத்தியானமே உனக்கும் சேர்த்து அளந்து ஊற வச்சுட்டேன்."

"மத்தியானம் நான் அப்பதாங்க பையையே எறக்கி வச்சேன்."

"அதனாலென்ன, வரத்தானே போறேன்னு..."

"ஏங்க, நிறுத்துங்க!"

அண்ணன் திடுக்கிட்டு அடுப்பைப் பார்த்தான். "எதை?"

அவள் அவனிடம் சொல்லவில்லை. போனையும் அவள் வைக்கவில்லை. இன்ஜின் சத்தம் அடங்கியது; துறையில் கயிறை இன்னும் அவிழ்க்கவில்லையாம். ஒரு ஆள் எரிச்சலோடு கேட்பது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப என்னம்மா?"

"நான் இறங்கணும்."

"நீங்கதானேம்மா போயிட்டு வரேன்னு சொல்லி டிக்கெட் வாங்கினீங்க?"

"அது வாய்ப் பழக்கம்ங்க. தப்பு என்னோடதுதான். எல்லாரும் மன்னிச்சுக்குங்க. ஆனா நான் வரல."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். "அட, இறக்கி விடுங்க, நேரமாவுது" என்றது ஒரு பெண் குரல், அந்த நர்ஸாகத்தான் இருக்க வேண்டும். படகுக்காரர் விடவில்லை. "சும்மா பேரை அடிக்க முடியாதும்மா. நோட்டுல காரணம் எழுதணும். என்னன்னு எழுத?"

எத்தனை பேர் மனுவில் காரணம் என்ற கட்டத்தை அவள் பார்த்திருப்பாள். நான் போனுக்குப் பக்கத்தில் குனிந்தேன்.

"இருக்கேன்னு எழுதுங்க" என்றாள் அண்ணி.

அவ்வளவு சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. பலகையில் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு போன் அணைந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னையறியாமல் கைகூடத் தட்டினேன். மறுநாள் அவள் முதலிலிருந்து ஆரம்பித்து முழுச் சுற்றும் நடந்தாள். அதற்கும் மறுநாள், எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்று. அதெல்லாம் அவள் வந்தபிறகு நாங்கள் மாதக்கணக்கில் கேட்ட கதை.

அன்றைக்கு அண்ணன் கரண்டியும் கையுமாக, அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபப்படுவான் என்றுதான் நினைத்தேன். அவன் பானைக்குள் எட்டிப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஒரே ஒரு ஆளுக்குன்னா, அரிசி எவ்வளவு போடணும்?" என்றான்.