கன்னியம்மாள் கெடுக்காத மிஷின்

கன்னியம்மாளைப் பற்றி ஆரணியில் யாரைக் கேட்டாலும், "அந்தக் கோபக்காரப் பொம்பளையா?" என்றுதான் கேட்பார்கள். கோபம் எதற்கு வந்தது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ஊர் புத்தி அது. அடித்தவனை மறந்துவிடும், வலிக்கிறது என்று கத்தினவளை ஆயுசுக்கும் ஞாபகம் வைத்திருக்கும்.

அவள் பிறந்தது தெள்ளார் பக்கம். சொந்தமாக ஒரு கைப்பிடி மண் கிடையாது. பதினாறு வயதில் கட்டிக்கொண்டு ஆரணிக்கு வந்தவள், இருபது வருஷம் ரைஸ் மில் களத்தில் அவித்த நெல்லைக் காயவைத்தாள். நீளக் கழியில் பலகை அடித்திருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு உச்சி வெயிலில் நெல்லை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளவேண்டும். மில்லில் டிரையர் வந்ததும் களத்து ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் பட்டுச் சேலை வியாபாரி லோகநாதன் வீட்டில் குளம் தேய்க்க ஆள் கேட்டார்கள்.

குளமென்றால் நீச்சல் குளம். நீந்தினால் முதுகுவலி போகும் என்று டாக்டர் சொன்னாராம். ஊர் முழுக்கக் கிணற்றில் குதித்து நீந்துகிறது. இவருக்கு மட்டும் கிணறு ஆகாது. செய்யார் ரோட்டுப் பங்களாவுக்குப் பின்னால் நீலக் கல் பதித்துக் கட்டிக்கொண்டார். பக்கத்திலேயே ஒரு ரைஸ் மில் இருப்பதை யாரும் யோசிக்கவில்லை. அதன் புகைபோக்கியிலிருந்து உமிக்கரி பறந்து வந்து, தினமும் குளத்தின் அடியில் கறுப்பாகப் படியும்.

அந்தக் கரியைத் தள்ளுவதற்கு ஒரு பக்குவம் உண்டு. அவசரப்பட்டால் எழும்பிவிடும், பிறகு பொழுது சாயும்வரை அடங்காது. கன்னியம்மாள் ஆழமில்லாத பக்கத்தில் ஆரம்பித்து, நீளக் கழி பிரஷ்ஷால் தண்ணீருக்கே தெரியாத மாதிரி தள்ளிக்கொண்டு போய் அடி ஓட்டையில் விடுவாள். நெல் தள்ளிய கை. எட்டு வருஷம் அந்தக் குளம் அவளால்தான் நீலமாக இருந்தது.

2007இல் சிங்கப்பூர் மருமகன் ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார். ஒயரை மாட்டித் தண்ணீரில் விட்டால் அதுவே அடியில் ஊர்ந்து போகும், சுவரிலும் ஏறும். வயிற்றில் ஒரு வெள்ளைத் துணிப்பை. அடிப்பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சி, அழுக்கைப் பையில் நிறுத்திக்கொண்டு, சுத்தத் தண்ணீரை முதுகு வழியாகத் துப்பும். வீட்டில் அதற்கு ஆமை என்று பேர் வந்துவிட்டது.

"ஆமை பூந்த வூடு உருப்படாதுன்னுவாங்க. இவுரு ப்ளேன்ல ஏத்தி இட்டாந்துகீறாரு" என்று லாண்டரி அய்யாக்கண்ணு வாசலில் நின்று சிரித்தார்.

கன்னியம்மாளுக்கு ஒரே உத்தரவுதான்: மிஷினைத் தொடக் கூடாது. தண்ணீரில் விடுவதும் எடுப்பதும் பையைக் கழற்றி மாட்டுவதும் டிரைவர் பாலுவின் வேலை. அவள் மேலே மிதக்கும் இலையை வலை போட்டு எடுத்தால் போதும். எட்டு வருஷம் தேய்த்தவள் கைக்கு வலை. சரி, முதலாளி இஷ்டம் என்று இருந்துவிட்டாள்.

முதல் வாரம் ஆமை ஜோராக வேலை செய்தது. அவளே ஒத்துக்கொண்டாள். இரண்டாவது வாரத்திலிருந்து அதற்கு என்னமோ வந்துவிட்டது. சுவரில் ஏறப் போய்ச் சறுக்கி விழுந்தது. அடியில் கரியை எடுக்காமல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்துவிட்டு வந்தது. பத்து நாளில் குளத்தின் அடி அடுப்பங்கரைச் சுவர் மாதிரி ஆனது.

அந்த நிலைமையில் லோகநாதன் பேத்திக்குக் காது குத்து வந்தது. பெங்களூர், சேலம் கடைக்காரர்களெல்லாம் வந்திருந்தார்கள். ஆமையைக் காட்டலாம் என்று எல்லோரையும் குளத்துக்கு அழைத்துப்போனார். ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், மிஷின் வச்சும் அழுக்காகீதே?" என்றார். லோகநாதன் முகம் சுருங்கிப்போனது. ஓரத்தில் வலையோடு நின்றவளைக் கை நீட்டிக் காட்டினார்.

"மிஷின் இன்னா பண்ணும்? வேல பூடும்னு இவளே ஏதோ பண்ணி வச்சிருக்கா. படிக்காத ஜனம், இப்படித்தான்."

கையில் கேசரித் தட்டோடு அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். கன்னியம்மாளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. களத்தில் இருபது வருஷம் வேலை செய்தவள்; ஒரு நெல்லைக்கூட மடியில் கட்டினாள் என்று எந்த மேஸ்திரியும் சொன்னதில்லை. தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, தொட்டுக் கெடுத்தாள் என்று பேர் கட்டுவதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும்!

அன்றைக்கே போயிருப்பாள். போனால் பழி உண்மையாகிவிடும் என்றுதான் நின்றாள்.

சென்னையிலிருந்து கம்பெனி ஆள் வந்தான். ஒயர் முறுக்கைப் பிரித்தான், பிரஷ்ஷைப் பார்த்தான், மோட்டாரில் கை வைத்தான். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "ஹேண்ட்லிங் ப்ராப்ளம் சார்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, காபி குடித்துவிட்டுப் போனான். பையை எடுத்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை. அது அப்போது வீட்டிலேயே இல்லை, சலவைக்குப் போயிருந்தது என்பதும் அவனுக்குத் தெரியாது. இவன் படித்த ஜனம்.

மறுநாள் பை திரும்பி வந்து, பாலு அதை மாட்டி ஆமையைத் தண்ணீரில் விட்டிருந்தபோது, கன்னியம்மாள் படியில் இறங்கி, கிட்டே வந்ததும் அதன் முதுகுக்கு மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். முதல் வாரம் அந்த இடத்தில் தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது அவளுக்கு நினைவிருந்தது. இப்போது அசைவே இல்லை. துப்பவில்லையென்றால் உறிஞ்சவில்லை. மோட்டார் ஓடுகிறது, உறிஞ்சவில்லை. அப்படியானால் நடுவில் எதுவோ அடைத்திருக்கிறது.

அடுத்த சலவை முடிந்து, வெள்ளிக்கிழமை காலை அய்யாக்கண்ணு துணி மூட்டையோடு வந்தார். வேட்டிகளுக்கு மேலே, நாலாக மடித்து இஸ்திரி போட்டு, ஆமையின் பை இருந்தது. அவள் எடுத்துப் பார்த்தாள். அப்பளம் மாதிரி விறைத்திருந்தது.

"இன்னாண்ணா இது?"

"கஞ்சிம்மா. இந்த வூட்டு வெள்ளத் துணி கஞ்சி இல்லாம வந்துச்சின்னா மொதலாளி மூஞ்சில வுட்டெறிவாரே. மொத தபா நான் சும்மா அலசித்தான் குடுத்தேன். தொட்டுப் பாத்துட்டு, 'இன்னாபா துவண்டு கெடக்குது, ஜவ்வரிசிய நல்லா கெட்டியா காச்சிப் போடு'ன்னு பாலுகிட்ட சொல்லி அனுப்பினாரு."

பட்டுக்காரர் விரல் அது. முப்பது வருஷமாகத் துணியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தே தரம் சொன்னவர். துவண்டால் மட்டம், விறைத்தால் உசத்தி. தண்ணீர் புகுந்து போகவேண்டிய பைக்கும் அதே தீர்ப்பு.

கன்னியம்மாள் வீட்டுக்குள் பார்த்துக் குரல் கொடுத்தாள். லோகநாதனும் அவர் மனைவி ஸ்வர்ணலதாவும் வந்தார்கள். அவள் பையைப் பிரித்துப் பிடித்து, ஒரு சொம்பு தண்ணீரை உள்ளே ஊற்றினாள். தண்ணீர் நின்றது. குடத்தில் நிற்கிற மாதிரி நின்றது. துணி நனைந்து வழுவழுத்து, அடியில் ஒரு சொட்டு திரண்டு, மனசில்லாமல் விழுந்தது. பிறகு பெட்டியில் பிரிக்காமல் கிடந்த மாற்றுப் பையை எடுத்து அதில் ஊற்றினாள். ஊற்றின வேகத்தில் தண்ணீர் அவள் காலடிக்கு வந்துவிட்டது.

அந்தப் பையை மாட்டி பாலு ஆமையை இறக்கினான். அது போன வழியெல்லாம் நீலம் தெரிந்தது.

லோகநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அட, கஞ்சியா! நல்ல கூத்து போ! சரி கன்னிம்மா, போய் வேலயப் பாரு. சாய்ங்காலம் அம்மா ஒனக்குப் புடவ எடுத்துக் குடுப்பா."

"புடவ வோணாங்க."

"வேற இன்னா வேணும்?"

"நான் கெடுத்தேன்னு பத்து பேரு எதுருல சொன்னீங்க. நான் கெடுக்கலன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"பைத்தியமா நீ? அவங்கள்லாம் பெங்களூர்லயும் சேலத்துலயும் இருக்காங்க. இதுக்குன்னு இட்டாரச் சொல்றியா?"

"போன் கீதேங்க."

அவர் முகம் கறுத்தது. எட்டு வருஷச் சோற்றை நினைவுபடுத்தினார், குரலை உயர்த்தினார். அவள் அசையவில்லை. சம்பளத்துக்கு நெல் தள்ளினாள், குளம் தேய்த்தாள். பேரை அவள் சம்பளத்துக்கு விற்கவில்லை.

ஸ்வர்ணலதா உள்ளே போய் கார்ட்லெஸ் போனை எடுத்துவந்து கணவர் கையில் வைத்தாள். "சொல்றப்போ வாய் கூசலயே. இப்ப மட்டும் இன்னாங்க?"

அய்யாக்கண்ணு மூட்டையோடு நின்றார். பாலு ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாலு பேர் பார்க்க, வேறு வழியில்லாமல் லோகநாதன் பெங்களூர் நம்பரை அழுத்தினார். மழையைக் கேட்டார், வியாபாரத்தைக் கேட்டார். கன்னியம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்த மிஷின் விஷயம்... அந்தப் பொம்பள ஒண்ணும் பண்ணல. தப்பு என்னுது" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

"இப்ப போதுமா?"

"ஒருத்தருக்குதாங்க சொல்லிகீறீங்க" என்று சொல்லிவிட்டு, கன்னியம்மாள் குளத்துப் படியில் உட்கார்ந்தாள். "மிச்சப் பேருக்கும் சொல்லி முடிங்க. நான் இங்கியேதான் கீறேன்."

லோகநாதன் மனைவியைப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு சேலம் நம்பரைத் தேடினார்.