வெள்ளைக்காரப் பொடியனை விசாரித்த கதை

என் ஆங்கிலம் தொலைக்காட்சி போட்ட பிச்சை. ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது ‘ஹலோ’வும் ‘சொறி’யும்தான். கோலியர்ஸ் வுட்டில் தையல் கடை போட்ட பிறகு, மெசினுக்கு மேலே இருந்த தட்டில் ஒரு சின்ன டிவியை வைத்தேன். காற்சட்டைக்குக் கால் மடித்தபடி, சிப் மாற்றியபடி, வெள்ளைக்காரரின் நாடகங்களையெல்லாம் பார்த்துத் தள்ளினேன். ஒரு தெரு, அந்தத் தெருச் சந்தியில் ஒரு பப், பப்பில் எல்லாருடைய கதையும் தெரிந்த ஒரு முதலாளியம்மா. இல்லாவிட்டால் ஒரு கந்தோர், அதில் விசர் மனேஜர் ஒருவன், இரண்டு மேசை தள்ளி இருக்கிறவளுக்கு வாய் திறந்து ஒன்றும் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணீர் போட்டுப் போட்டுக் கொடுக்கிற ஒரு பொடியன். சிரிப்பு நாடகம் என்றால் கடைசியில் கலியாணம். சோக நாடகம் என்றால் முதலிலேயே கலியாணம்.

பார்த்ததில் ஒன்றை நன்றாகப் படித்துக்கொண்டேன். மரியாதையாகக் கதைக்கிறவனை நம்பக்கூடாது. கத்துகிறவன், கதவை அடித்துச் சாத்துகிறவன் எல்லாம் போகப்போக நல்லவனாகிவிடுவான். பூங்கொத்தோடு வந்து, சாப்பாடு அருமை என்று சொல்லி, தின்ற கோப்பையையும் கழுவி வைத்துவிட்டுப் போகிறானே, அவனுக்குத்தான் வேறொரு ஊரில் ஒரு பெண்சாதி இருப்பாள்.

என் மகள் தன்னோடு வேலை செய்கிற பொடியனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். கதவைத் திறக்கிறேன், கையில் பூங்கொத்து. எனக்குப் பக்கென்றது. நண்டுக் குழம்பு வைத்திருந்தேன், வேண்டுமென்றேதான். வேர்க்க விறுவிறுக்க, எங்களைப் பார்த்துப் பார்த்துக் கையாலேயே சாப்பிட்டான். அருமை என்றான். பிறகு எழும்பிப் போய்க் கோப்பையைக் கழுவினான்.

அவர்கள் போனதும் என் மனுசன் சோபாவில் சாய்ந்துகொண்டு, “நல்ல பொடியன் போலக் கிடக்கு” என்றார்.

“போலத்தான் கிடக்கும்” என்றேன்.

அவருக்கு ஆரைத்தான் பிடிக்காது? நான் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள். மகள் வேலைக்குக் கிட்ட அறை எடுத்திருந்தாள், ஞாயிறு மட்டும்தான் வருவாள். அந்தப் பொடியனோடு பழகத் தொடங்கிய பிறகு அவளில் எத்தனையோ மாறிவிட்டது. ஆசைப்பட்டு வாங்கிய காரை விற்றுப்போட்டாள். லண்டனில் கார் வைத்திருப்பது வீண் செலவாம். இது அவனுடைய போதனைதான் என்று முடிவுகட்டினேன். வந்தால் மத்தியானமே படுத்து நித்திரை. குளிக்கப் போனால் கதவைப் பூட்டுவதில்லை, சும்மா சாத்திவிடுகிறாள். வெள்ளைக்காரனோடு திரிந்து வெட்கமும் கெட்டுப்போனது என்று ஏசினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு பேசாமல் போனாள். முன்பென்றால் திருப்பிக் கதைத்திருப்பாள்.

என்னுடைய பயம் என்னவென்று சொல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. மகளுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது. ஜெர்மனியில். சில வருடம் மருந்து கொடுத்தோம், நின்றுவிட்டது. அது காய்ச்சல் மருந்து என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். பெண்பிள்ளை. எங்கள் சனத்தின் வாய் எனக்குத் தெரியாதா? லண்டனுக்கு வந்த பிறகு ஒரு உயிருக்கும் சொன்னதில்லை. அப்படி இருந்தும், பாரிசிலிருந்து ஒரு சம்பந்தம் வந்து எல்லாம் சரி என்று இருந்த நேரத்தில், அவர்கள் நாங்கள் முன்பு இருந்த ஜெர்மன் ஊரில் விசாரித்திருக்கிறார்கள். யாரோ சொல்லிவிட்டார்கள். நல்ல மரியாதையாக ஒரு போன் வந்தது, அதோடு கதை முடிந்தது. மகளுக்கு, ஆட்கள் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாதா கோயிலில் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கிறபோதும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். நீயோ? இல்லாவிட்டால் நீயோ? இன்றைக்கும் ஆள் பிடிபடவில்லை.

இப்போது இந்தப் பொடியன். இவன் வீட்டாருக்கும் ஒரு நாள் தெரிய வந்தால்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். அவர்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். தகப்பன் குடிகாரனாக இருக்கட்டும், மாமன் களவெடுத்து மறியலுக்குப் போனவனாக இருக்கட்டும், ஒரு நோய் வருத்தம் இருக்கட்டும். அது என் கைக்கு வந்துவிட்டால் நானும் வாய் திறப்பேன். ஒன்றுக்கு ஒன்று சரி.

தமிழ்ப் பொடியன் என்றால் இது ஒரு வேலையே இல்லை. ஊரில் பங்குச் சாமிக்கு ஒரு போன், கனடாவில் மச்சாளுக்கு ஒரு போன். பின்னேரத்துக்குள் பொடியனின் பூட்டன் எதனால் செத்தான் என்பது வரைக்கும் வந்துவிடும். வெள்ளைக்காரனை எங்கே விசாரிப்பது? நாடகங்கள்தான் வழி காட்டின. அவர்களுக்கும் தெரு இருக்கிறது, பப் இருக்கிறது, கோயில் இருக்கிறது. பப் முதலாளியம்மாவைக் கேட்டால் எல்லாம் கொட்டுவாள். அதை ஒரு நூறு தடவையாவது என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பொடியனின் தாய் தகப்பன் ஆர்ச்வேயில் இருந்தார்கள். தெருப் பெயரும் வீட்டு நம்பரும் மகள் பேச்சுவாக்கில் சொன்னவை. மனுசனிடம் நூல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ட்யூப் ஏறினேன். ஆர்ச்வேயில் இறங்கினால், அர்ச்சனைத் தட்டோடு இரண்டு தமிழ்ப் பெண்கள் முருகன் கோயிலுக்கு மேட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். தெரிந்த ஆட்களாக இருந்தால் இன்றைக்கே நான் சிலுவையைக் கழற்றிவிட்டு முருகனிடம் போய்விட்டேன் என்று கதை கட்டிவிடுவார்கள். குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினேன். மழை பெய்யவில்லை.

பப்பில் முதலாளியம்மா இல்லை. ஒரு இளம் பெண் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்பெயின்காரி, வேலைக்கு வந்து ஒரு மாதமும் ஆகவில்லையாம். பக்கத்துத் தெருவின் பெயரே அவளுக்குத் தெரியவில்லை. மூலையில் இருந்த இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய சேர்ச்சுக்குப் போனேன். பூட்டு. கதவில் யோகா வகுப்பு என்று எழுதி ஒட்டியிருந்தது. இந்த நாடகம் எடுக்கிறவர்கள் எந்த நாட்டைப் பார்த்து எடுக்கிறார்களோ, எனக்கு நல்ல ஆத்திரம் வந்தது.

வந்தது வந்துவிட்டேன், வெறுங்கையோடு போவதா? தெருவுக்குள்ளேயே போனேன். அவர்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வயதான அம்மா குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். வணக்கம் சொல்லி, முன் வீட்டு ஆட்கள் எப்படி என்று கேட்டேன். மிக அருமையான ஆட்கள் என்றாள். தகப்பன் குடிப்பாரோ என்றேன். நாங்கள் எல்லாரும் கொஞ்சம் குடிக்கிறோம்தானே என்று சிரித்தாள். இந்தச் சிரிப்பை நம்பி அடுத்ததையும் கேட்டேன். அந்தக் குடும்பத்தில் ஏதாவது வருத்தம் இருக்கிறதா, பரம்பரையாக?

சிரிப்பு நின்றது. நீங்கள் யார் என்று கேட்டாள்.

தையல்காரி என்றேன். அந்த நேரத்தில் வாயில் வேறு ஒன்றும் வரவில்லை. குடையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேசன் வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். கெட்ட கேட்டுக்கு நூல் வாங்கவும் மறந்துபோனேன். நூல் எங்கே என்று மனுசன் கேட்டார், அந்த நிறம் இல்லையாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அடுத்த கிழமை கடையில் தனியாக இருந்தேன். டிவியில் ஏதோ ஒரு சிரிப்பு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. கதவு திறந்தது. பொடியன். பூங்கொத்து இல்லை. மகள் கூட வரவில்லை. வந்து என் முன்னால் நின்று போனை நீட்டினான்.

படத்தில் நான். யன்னலுக்குள் இருந்து எடுத்திருக்கிறார்கள். அரக்கு நிறக் கோட்டு, மழையில்லாத ரோட்டில் விரித்த குடை, வீட்டு நம்பரை எட்டிப் பார்க்கிற என் கழுத்து. அந்தத் தெருக்காரர் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்களாம். ‘வீடுகளில் யாருக்கு என்ன நோய் என்று ஒரு பெண் கேட்டுத் திரிகிறாள், கதவைத் திறக்காதீர்கள்’ என்று கீழே எழுதியிருந்தது. நான் தேடிப்போன தெரு அந்தப் போனுக்குள் இருந்திருக்கிறது.

வெட்கத்தில் காது சுட்டது. மகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இல்லை என்றான். தனக்குத் தெரிந்த ஆள்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று குழுவில் எழுதிவிட்டதாகச் சொன்னான். தன் தாயிடமும் அவ்வளவுதான் சொன்னானாம். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தனக்கு ஒரு உதவி வேண்டும் என்றான்.

வந்தான் பார் வழிக்கு என்று நினைத்தேன். நாடகத்தில் மற்றவனின் இரகசியத்தைக் காப்பாற்றிக் கொடுக்கிறவன் சும்மா கொடுப்பதில்லை, அதற்கு ஒரு விலை கேட்பான். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல், என்ன உதவி என்று கேட்டேன்.

அவன் சொல்லத் தொடங்கினான். போன மாரியில் ஒரு நாள் கந்தோர்க் குசினியில் என் மகள் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கிறாள். நின்றபடியே விழுந்தாளாம். கை கால் எல்லாம் இழுத்ததாம். பக்கத்தில் இவன்தான். தன் கோட்டைக் கழற்றித் தலைக்குக் கீழே வைத்து, ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்திருக்கிறான்.

“கையில் திறப்பு வைத்தாயா?” என்று கேட்டுவிட்டேன்.

அவனுக்கு விளங்கவில்லை. திறப்பா, எதற்கு என்றான். இழுக்கிறபோது திறப்பு, சாவி என்று இரும்பு ஏதாவது கையில் கொடுத்தால் நிற்கும் என்று எங்கள் ஆட்கள் செய்வார்கள் என்றேன். கடைசிச் சொல் வாயில் இருக்கும்போதே எனக்கு உறைத்தது. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளைக்கு வலிப்பு என்று கேட்கிற தாய் ஐயோ என்பாள், ஏன் என்பாள், அழுவாள். நான் திறப்பைக் கேட்டேன்.

“அப்படியென்றால் உங்களுக்கு இது புதிது இல்லை” என்று மெதுவாகச் சொன்னான்.

கையை நீட்டி டிவியை நிறுத்தினேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை வந்ததாம். காலையும் இரவும் குளிசை எடுக்கிறாளாம். வலிப்பு வந்த ஆள் கார் ஓட்ட முடியாது, அதனால்தான் விற்றாளாம். உள்ளே விழுந்தால் யாராவது போய்த் தூக்கவேண்டும் என்றுதான் குளியலறைக் கதவைப் பூட்டாமல் விடுகிறாளாம். அந்தக் கதவுக்கு நான் அவளை ஏசியிருக்கிறேன். என் பிள்ளையின் வருத்தத்தை எனக்கு இன்னொருத்தன் வந்து சொல்கிறான்!

இவ்வளவையும் ஏன் அவள் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்கவில்லை, கத்தினேன்.

அவன் கத்தவில்லை. சின்ன வயதில் வந்ததா என்று டாக்டர் ஒவ்வொரு முறையும் கேட்கிறாராம். அது தெரிந்தால் மருந்தைச் சரியாகக் கொடுக்கலாமாம். மகளுக்கு ஏதோ மங்கலாக ஞாபகம் இருக்கிறதாம். சுவரில் மீன் கீறிய ஒரு ஆஸ்பத்திரி, தித்திப்பான ஒரு மருந்து. அம்மாவிடம் கேள் என்று இவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அவள் சொன்ன பதிலை அப்படியே சொன்னான்.

“கேட்டால் அம்மா இல்லை என்றுதான் சொல்லுவா. அம்மா என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்வதை நான் பார்க்க விரும்பவில்லை.”

தான் வந்தது அவளுக்குத் தெரியாது என்றான். எப்போது தொடங்கியது, என்ன மருந்து, எப்போது நின்றது, இந்த மூன்றும்தான் தனக்கு வேண்டும் என்றான். போனை மடியில் வைத்துக்கொண்டு எழுதத் தயாராக இருந்தான்.

“உனக்குச் சொல்ல மாட்டேன்” என்றேன்.

அவன் முகம் விழுந்துபோனது. விழட்டும். நான் என் போனை எடுத்து மகளுக்கு அடித்தேன். வேலை நேரத்தில் நான் அடிப்பதில்லை. முதல் மணியிலேயே எடுத்து, அப்பாவுக்கு ஏதாவதோ என்று பதறினாள்.

“அப்பா சுகமாயிருக்கிறார். நீ இரு, நான் சொல்லுறன். நாலு வயசிலை உனக்கு முதல் முதலா வலிப்பு வந்தது, பிள்ளை. குசினியிலை. நான் பக்கத்திலை நிண்டனான். ஏழு வயசுமட்டும் வந்தது. அது காய்ச்சல் மருந்து இல்லை.”

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, பிறகு மேசை லாச்சியை இழுத்துத் திறக்கிற சத்தம்.

“மருந்தின்ரை பேரைச் சொல்லுங்கோ அம்மா” என்றாள். “எழுதுறன்.”