கோல் கம்பத்துக்குப் பின்னால்

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டை ஒன்றை மாட்டிக்கொள்வேன். மகன் வாங்கிக் கொடுத்தது. முதுகில் ஓர் ஆட்டக்காரரின் பெயர் இருக்கிறது. அவர் போன வருஷமே வேறு ஊர் டீமுக்குப் போய்விட்டாராம். சட்டை மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டின சுகர் லேண்டில் மகன் வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சும் குறைந்துபோனது. காலையில் நடக்கப் போனால் எதிரில் வருகிறவர்கள் சிரித்துக்கொண்டு ஏதாவது கேட்பார்கள். நான் என் செருப்பைப் பார்த்தபடி தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன். தமிழ்க்காரர் வீட்டு விசேஷம் என்றால் அடுக்களையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துகொள்வேன். ஆனால் ஹூஸ்டன் டீம் ஆடுகிற மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பின்னால் கொட்டு அடிக்கிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் மட்டும் எனக்குக் கூச்சம் இருப்பதில்லை. அங்கே யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. “அடேய், அவன உடாதீங்கடா” என்று நான் பாட்டுக்குக் கோயமுத்தூர்த் தமிழில் கத்துவேன். கொட்டு அடிக்கிற தாடிக்காரர் என்னைப் பார்த்ததும் குச்சியை உயர்த்திக் காட்டுவார். எங்கள் டீம் பெரும்பாலும் தோற்கும். தோற்றாலும் அடுத்த சனிக்கிழமை அதே ஆட்கள் அதே இடத்தில் இருப்பார்கள்.

போன தடவை உலகக் கோப்பைக்குத் தகுதிச் சுற்று நடந்தபோது மகன் வந்து கேட்டான்.

“அம்மா, இது நம்ம லோக்கல் டீம் இல்ல. குவாலிஃபையர். அமெரிக்காவும் ஜமைக்காவும். டிரைவ் கொஞ்சம் லாங். வர்றீங்களா?”

“புளிசாதம் கட்டட்டுமா?”

“ஸ்டேடியத்துக்குள்ள அலோவ் பண்ண மாட்டாங்கம்மா.”

“காருல வெச்சுத் தின்னா யாரு கேக்கறா?”

கொஞ்ச நேரம் காலை மாற்றி மாற்றி நின்றான். பிறகு, “என் ஃப்ரெண்ட் ஒருத்தங்க வர்றாங்க. அவங்க தனியா டிரைவ் பண்ணி வந்துருவாங்க” என்றான். அவனுக்கு ஃப்ரெண்ட் என்றால் அவன், இவன்தான். இத்தனை மரியாதையாக ஒருவரைப் பற்றி அவன் சொல்லி நான் கேட்டதில்லை. வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. கல்யாணப் பேச்சை எடுத்தால் “பாக்கலாம்மா” என்பான். நானும் கேட்டுக் கேட்டு நிறுத்தியிருந்தேன்.

மைதானத்து வாசலில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் எங்களுக்காகக் காத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். அப்பா அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள், இவள் பிறந்தது ஹூஸ்டனில். என்னைப் பார்த்ததும் ஒவ்வொரு எழுத்தாக எடுத்து வைப்பதுபோல, “சாப்ட்டீங்களா ஆன்ட்டி?” என்றாள். கூச்சத்தில் நான் மகனிடம், “டப்பாவுல இன்னும் மிச்சம் இருக்குது” என்றேன். அவன் காது சிவந்துவிட்டது.

என்னை நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் அமெரிக்கச் சட்டையில் மகன், இன்னொரு பக்கம் மஞ்சள் சட்டையில் அவள். என் தலைக்கு மேலாக இரண்டு பேரும் ஒருவர் டீமை ஒருவர் கிண்டல் செய்துகொண்டார்கள். இங்கிலீஷில்தான் பேசினார்கள். கிண்டல் புரிவதற்கு இங்கிலீஷ் வேண்டியதில்லை. அமெரிக்கா முதல் கோல் போட்டபோது மகனை முந்திக்கொண்டு நான் எழுந்துவிட்டேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, “ஆன்ட்டி, நீங்களுமா?” என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்பினால் மகன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “என்னடா?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா” என்று மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறின. எங்களுக்கு முன்னால் நின்றிருந்த ஜமைக்கா கோல்கீப்பர் மைதானத்தின் அந்தக் கோடிக்கு நடந்து போனார். அவர் போகிறதைப் பார்த்து அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கினாள். எனக்கு உடனே இன்னொரு கோல்கீப்பர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் பக்கம் மாறியபோது நாங்களும் பின்னாலேயே போனோம்.

அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். அப்பா கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு கால்பந்து டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவனுக்கு மில்லிலேயே வேலை போட்டுக் கொடுப்பார்கள். மில்களுக்குள் லீக் நடக்கும். அப்பாவுக்கு எங்கள் மில் டீம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போய்வந்தால் மறுநாள் தொண்டை இருக்காது. அம்மாவிடம் உப்பு வேண்டும் என்பதைக்கூடச் சாடையில்தான் கேட்பார்.

எங்களுக்கு எதிரி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மில். அவர்களுடைய கோல்கீப்பர் மேல் அப்பாவுக்குத் தீராத கோபம். சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் அவரைத்தான் வைவார். “கம்பம் நட்ட மாதிரி நிக்கறான். எக்காமயே மேல் கட்டையத் தொடறான். அவன் நிக்கற வரைக்கும் நம்மாளுக கோல் போட்ட மாதிரிதான்.”

ஒருநாள் அம்மா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்: “அவ்வளவு ஒசரமாங்க?”

அப்பா பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். அதோடு வைவது நின்றுவிட்டது.

அம்மா கேட்டதற்குக் காரணம் அத்தை. அப்பாவின் தங்கை எங்களோடுதான் இருந்தாள். அப்பாவை விட உயரம். பெண் பார்க்க வருகிறவர்களுக்கு அத்தை குனிந்து பலகாரத் தட்டை வைக்கிற வரைக்கும் எல்லாம் பிடித்திருக்கும். வைத்துவிட்டு நிமிர்ந்தால் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிடும். ஒரு வீட்டார் மாப்பிள்ளையை எழுப்பி அத்தை பக்கத்தில் நிறுத்தியே பார்த்துவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் போனதும் அத்தை, “இனி யாரு முன்னாலயும் நான் தட்டு எடுத்துட்டு வர மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். வீட்டுக்குள் நடக்கும்போதுகூடத் தோளைக் குறுக்கிக்கொண்டு, கழுத்தை மடக்கிக்கொண்டுதான் நடப்பாள்.

அப்பா அக்கம்பக்கம் விசாரித்தார். கோல்கீப்பருக்குக் கல்யாணம் ஆகவில்லை. சுற்றி வளைத்தால் ஒரு தூரத்து உறவும் வந்தது. ஆனால் பெண் பார்க்க அவர்களைக் கூப்பிட முடியாதே. அதனால் அத்தையிடம் இப்படிச் சொன்னாராம்:

“உன்னய ஒருத்தரும் வந்து பாக்க வேண்டாம். நீ போயி அவரப் பாரு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. புடிச்சா சொல்லு. புடிக்கலீன்னா மேட்ச் பாத்துட்டு வந்ததா வெச்சுக்கலாம்.”

இதெல்லாம் நான் பெரியவள் ஆன பிறகு அம்மா சொல்லித் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பா மேட்சுக்குக் கூட்டிப் போகிறார், பொரிகடலை வாங்கித் தருவார் என்பதுதான்.

எங்கள் மில்காரர்கள் உட்காருகிற இடம் மைதானத்து ஓரத்துப் புளியமர நிழல். அப்பா அங்கே நிற்கவில்லை. நேரே எதிரியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், நல்ல வெயிலில் துண்டை விரித்தார். அத்தை எனக்கும் சேர்த்துக் குடை பிடித்துக்கொண்டாள்.

“ஏனுங் மாப்ள, அங்க போயிட்டீங்க? கட்சி மாறிட்டீங்களா?” என்று நிழலிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

“கோல் உழுகறதக் கிட்ட இருந்து பாக்கோணுங்” என்றார் அப்பா.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோல்கீப்பரின் முதுகு எனக்கு எட்டிப் பிடிக்கிற தூரத்தில் இருந்தது. எங்கள் ஊரில் வைவதென்றாலும் மரியாதை கொடுத்துத்தான் வைவார்கள். புளியமரத்திலிருந்து ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. “ஏனுங் கோல்கீப்பர், தூக்கமுங்களா?” “பந்து அந்தப் பக்கமா வருதுங், கொஞ்சம் பாத்துக்குங்க.” எங்கள் ஆள் ஒருவர் அடித்த பந்து அவர் விரலில் பட்டு உள்ளே போனது. நான் எழுந்து குதித்து, “கையில என்னங், வெண்ணெயா?” என்று கத்தினேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நம் மில்லுக்காகக் கத்துகிறவளை எதற்குக் கிள்ளுகிறாள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். “வெண்ணெ இல்லீங் பாப்பா. வேர்வ” என்று உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

இடைவேளையில் பக்கம் மாறினார்கள். இனி எங்கள் கோல்கீப்பர் இந்தப் பக்கம் வருவார், அவரோடு பேசலாம் என்று நான் சம்மணம் போட்டு நன்றாக உட்கார்ந்தேன். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “வாங்க போலாம்” என்றார். மைதானத்தைச் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்கு நடந்தோம். மறுபடியும் அதே கோல்கீப்பரின் முதுகு. இப்போது வெயில் நேராக முகத்தில் அடித்தது. புளியமரம் மொத்தமும் சிரித்தது. “கோல்கீப்பருக்குக் குடை புடிக்கறதுக்குப் போறாங்கோ” என்று யாரோ சொன்னார்கள். நான் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அப்பா ஒரு தடவைகூடக் கத்தவில்லை. தொண்டைக்கு என்ன ஆனதென்று நினைத்தேன்.

அப்போதெல்லாம் கம்பத்துக்கு வலை கிடையாது. கம்பத்தை ஒட்டிக் கடந்த பந்து ஒன்று உருண்டு வந்து அத்தையின் காலருகில் நின்றது. பந்தை எடுக்க அவர் ஓடி வந்தார். அத்தை குடையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பந்தை நீட்டியவள் அண்ணாந்து பார்த்தாள். அத்தை ஓர் ஆளை அண்ணாந்து பார்த்து நான் அதுவரை கண்டதில்லை. “அடி ஏதும் படலீங்களே?” என்று அவர் கேட்டார். அத்தை இல்லை என்று தலையாட்டினாள். அவர் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டே போனார். போகிறபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பந்தை உள்ளே உதைத்துவிட்டு இன்னொரு தடவை திரும்பினார். அந்தச் சமயம் பார்த்து எங்கள் ஆள் ஒருவர் நடுமைதானத்திலிருந்தே ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து இரண்டு தரம் குதித்துக் கம்பத்துக்குள் சாவகாசமாக நுழைந்தது.

புளியமரத்தடியில் துண்டுகள் பறந்தன. நான் குடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆடினேன். அத்தை என்னைக் கிள்ளவில்லை. அப்பா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கு அத்தை வளர்ந்துவிட்டதாகத் தோன்றியது. தோளைக் குறுக்காமல், கழுத்தை நீட்டி நடந்தாள். வாய்க்கால் தாண்டியதும் அப்பாவிடம், “அண்ணா, இவங்களுக்கு மறுக்கா எப்ப மேட்ச்?” என்று கேட்டாள். அத்தைக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அடுத்த தையில் அவளுக்கு அந்தக் கோல்கீப்பரோடு கல்யாணம் நடந்தது. எதிரி மில்காரரை எப்படி வீட்டில் சேர்த்தார்கள் என்று நான் நாலைந்து நாள் அவரிடம் பேசாமல் இருந்தேன்.

அமெரிக்கா இன்னொரு கோலும் போட்டு ஜெயித்தது. கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் அந்தப் பெண் தன் மஞ்சள் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டாள். தோற்ற டீமின் துண்டு. எனக்குத் திருப்பிக் கொடுக்க ஒன்றும் இல்லை. கார்க் கதவைத் திறந்து புளிசாதம் இருந்த எவர்சில்வர் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு மகனிடம் ஏதோ கேட்டாள். “காரமான்னு கேக்கறாங்கம்மா” என்றான். “காரந்தான்னு சொல்லு” என்றேன். அவள் அங்கேயே விரலால் எடுத்து ஒரு வாய் தின்றாள்.

ஃப்ரீவேயில் ஏறின பிறகு மகன் ரேடியோவைப் போட்டான், நிறுத்தினான். நான்தான் கேட்டேன்:

“ரெண்டாவது கோல் யாருப்பா போட்டது?”

“அதும்மா… அந்த…” யோசித்தான். “வீட்டுக்குப் போய் பாத்துச் சொல்றேனே.”

அவனுடைய டீமில் ஆடாமல் வெளியே உட்கார்ந்திருக்கிற ஆட்டக்காரர்களின் பெயர்கூட அவனுக்கு மனப்பாடம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “அது நல்ல டப்பா. ஊர்ல இருந்து கொண்டு வந்தது. அந்தப் புள்ளைய வீட்டுக்கு வந்து குடுத்துட்டுப் போகச் சொல்லு. ஞாயித்துக்கெழம மத்தியானம் வந்தா சாப்பாடு ஆக்கிடறேன்” என்றேன். கொஞ்ச தூரம் போனதும் அவன் இறங்க வேண்டிய எக்ஸிட்டை விட்டுவிட்டான். அடுத்ததில் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்தோம்.

கோயமுத்தூரில் அன்று மேட்ச் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என் அம்மா அப்பாவிடம், “ரெண்டாவது கோல் யாருங்க போட்டது?” என்று கேட்டாள். அப்பா முழித்துவிட்டு என்னைப் பார்த்தார். “சொல்லு கண்ணு, யாரு போட்டது?” நான் பேரைச் சொல்லி, பந்து எப்படிக் குதித்துப் போனதென்று ஓடிக் காட்டினேன். அத்தைக்கும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மாமாவிடம் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. அத்தனை பேர் அங்கே இருந்தும் அந்தக் கோலை ஒழுங்காகப் பார்த்தது நான் ஒருத்திதான் என்று ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பஞ்சு பட்டுக் கண் மங்கிவிட்டதாக நினைத்து, கண்ணாடி போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியும் வைத்தேன். அப்பா அன்றைக்கு வேறு எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்கத் தோன்றவில்லை.