எட்டுப் புளியங்கொட்டை

என் வீட்டுப் படி பதினொன்று. நேற்றும் பதினொன்று. இருந்தும் எண்ணாமல் ஏற முடிவதில்லை. ஏறி முடித்தால் கால் வலிக்கிறது. கால் வலித்தால் அந்தப் பானை நினைவுக்கு வந்துவிடுகிறது.

பாலகாட் பக்கம் ஒரு தங்கச் சுரங்கத்தில் ஆள்கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். பேத்தமங்களா ஏரித் தண்ணீர் குழாயில் வராத காலம். மேலே ஒரு குடத்துக்குச் சண்டை. கீழே எங்கள் ஷாஃப்ட் குழியின் அடி லெவலில் ஒரு மூலையில் முழங்கால் அளவுத் தண்ணீர் எப்போதும் நிற்கும். எட்டுப் பேரில் ஒருவர் வாரம் முழுக்க அதில் நின்று பாறையில் துளை போட வேண்டும். யார் என்பதில் திங்கள்தோறும் கைகலப்பு.

நான்தான் வழி சொன்னேன். வாய் குறுகிய பானையில் எட்டுப் புளியங்கொட்டை. தாயம் ஆடத் தேய்ப்பதுபோல் ஒன்றை மட்டும் ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை கல்லில் தேய்த்தேன். கீழே இறக்கும் கேஜில் ஏறுமுன் ஆளுக்கொன்று எடுப்பது. வெள்ளை வந்தவர் தண்ணீருக்கு.

முதலில் எடுக்க எல்லாரும் முண்டினார்கள். எட்டுப் பேரில் மூத்தவரால் முடியவில்லை. வேலூர்ப் பக்கத்துக்காரர், கால் விரலிடுக்கெல்லாம் புண். தொடர்ந்து தண்ணீரில் நின்றால் கால் போய்விடும் என்று புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் எச்சரித்திருந்தார்.

"கடேசில எடுக்கறவனுக்கு மிச்சந்தான, ரைட்டரே?"

"எட்டுப் பேரும் எடுத்துக் கைய மூடிக்கினு நில்லுங்க. ஒண்ணாத் தொறங்க. யார் மொதல்ல எடுத்தாங்கன்னு கொட்டைக்குத் தெரியுமா? எட்டுல ஒண்ணு, எல்லாருக்கும் அதேதான்."

"படிச்சவரு சொல்றீங்க," என்று கடைசியில் போய் நின்றார். அதுவே அவர் இடமாயிற்று.

பன்னிரண்டு திங்கள் குறித்து வைத்தேன். ஏழு முறை வெள்ளை அவருக்கு. தலையெழுத்து என்றார்கள். ஏழு வரக்கூடாது என்று விதியில்லையே என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவர் நொண்டத் தொடங்கியிருந்தார்.

பதின்மூன்றாம் திங்கள் ஒருவர் தாமதமாக வந்துகொண்டிருந்தார். அவருக்காக நான் பானைக்குள் கை விட்டேன். அதுவரை விட்டதில்லை. விரல் பட்டதுமே தெரிந்துவிட்டது. ஏழு வழவழப்பு, ஒன்று சொரசொரப்பு. பானைக்குள் கண் நுழையாது என்று மட்டும்தான் யோசித்திருந்தேன்.

கையை எடுக்காமல் நின்றேன். எப்போதும் முதலில் முண்டுகிற வாயாடி சிரித்தான்.

"இன்னா ரைட்டரே, இப்பத்தான் கண்டீங்களா? நாங்க மொத வாரமே கண்டுட்டோம்."

அவசரத்தில் யாராவது தடவ மறந்த ஐந்து வாரங்கள்தான் மூத்தவர் தப்பியிருக்கிறார். அவர் அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"எனக்குன்னு ஒண்ணுதான் மிச்சம் கெடக்கும். தடவிப் பாக்க இன்னா கீது?"

கொட்டைகளைக் கீழே கொட்டினேன். வருகை எழுதும் மஸ்டர் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எட்டாக்கி, ஒன்றில் பெருக்கல் குறி போட்டு, எல்லாவற்றையும் ஒரே மாதிரி மடித்துக் குலுக்கினேன்.

"இப்ப நான் எங்க நிக்கறது?" என்றார் மூத்தவர்.

"எங்க நின்னாலும் ஒண்ணுதான்."

"அன்னிக்கும் அதத்தான் சொன்னீங்க."

முதலில் வந்து எடுத்தார். மற்றவர்களும், பிந்தி வந்து சேர்ந்தவரும் எடுத்தார்கள். பிரித்தார்கள். பெருக்கல் குறி அவர் கையில்.

யாரும் சிரிக்கவில்லை. சீட்டில் சூது இல்லை, மடித்தவன் நான். போன வாரங்கள் அதற்குத் தெரியாது. மறுபடி குலுக்கலாமா என்று வாய்வரை வந்தது. ஒருமுறை இரங்கினால் அடுத்த திங்கள் எல்லாரும் கேட்பார்களே என்று விழுங்கிவிட்டேன்.

வாயாடி வந்து, அவர் விரலைப் பிரித்துச் சீட்டை எடுத்துக்கொண்டு, தன்னுடைய வெற்றுச் சீட்டை வைத்தான்.

"எட்டும் ஒண்ணுன்னு ரைட்டரே சொல்றாரு. அப்போ மாத்திக்கினா இன்னா? குடு நைனா."

கேஜ் மணி அடித்தது. அந்த வாரம் மூத்தவர் உலர்ந்த பாறையில் நின்றார்.

பெருக்கல் குறி விழுந்தது அவருக்கு என்பதால், பழக்கத்தில் மஸ்டரில் தண்ணீர் வேலைக்கு நேரே மூத்தவர் பெயரையே எழுதிவிட்டேன். அடிப்பதா விடுவதா என்று பேனாவோடு நின்றதில் மை சொட்டி, பெயரின் பாதி மறைந்துபோயிற்று.