கட்டம் போட்ட அட்டையும் எட்டாம் வகுப்பும்

பாடம் நடத்துவது பெரிய வேலையில்லை; நடத்தியது பிள்ளைகளுக்குள் போய்ச் சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பதுதான் வாத்தியார் உத்தியோகத்தில் உயிரை வாங்குகிற பகுதி. சாக்பீஸ் தூசி தின்ற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், கோலார் தங்க வயலில் நந்திதுர்க் பக்கம் ஒரு பள்ளியில் நான் எட்டாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியை. எங்கள் ஹெச்.எம். மேடம் பெங்களூரில் ஒரு பயிற்சிக்குப் போய், கட்டம் கட்டமாகப் பிரித்த ஓர் அட்டையோடு திரும்பினார். அதன் பெயர் ரூப்ரிக். பேச்சு, எழுத்து, ஒத்துழைப்பு என்று இடது ஓரத்தில் திறமைகள். ஒவ்வொன்றுக்கும் நேரே நாலு லெவல். முதலாவது ஆரம்பநிலை, நாலாவது உச்சம். பிள்ளை எந்த லெவலில் இருக்கிறானோ அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். ஆசிரியர்களை மதிப்பிடவும் தனியாக ஓர் அட்டை உண்டு. எதற்கு இதெல்லாம் என்று யாரோ கேட்டதற்கு மேடம் சொன்னார்: "பெத்தவங்க மார்க்கப் பாத்துட்டு சண்டைக்கு வர்றாங்க. இனிமே கட்டத்தப் பாத்துட்டு வரட்டும்."

அப்பாவின் கவலை

முதல் பெற்றோர் கூட்டத்துக்கு செல்வத்தின் அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். சுரங்கத்தில் வேலை; அங்கே முதல் லெவல் மேலே, எண் கூடக் கூட ஆழமும் வெக்கையும் கூடும். பையன் பேச்சில் முதல் லெவலில்தான் இருக்கிறான், எப்படியாவது நாலாவது லெவலுக்குக் கொண்டுபோய்விடுகிறேன் என்று நான் நம்பிக்கையாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் அட்டையைப் பார்த்தார். பிறகு பணிவாகச் சொன்னார்: "மேல் லெவல்ல காத்து நல்லா வருது டீச்சர். புள்ள அங்கியே இருக்கட்டும். கீழ எறக்காதீங்க."

ஒத்துழைப்பு

குழுவாகச் சேர்ந்து கர்நாடக வரைபடம் செய்யச் சொல்லி, முடிந்ததும் ஒருவருக்கொருவர் டிக் அடிக்கச் சொன்னேன். பக்கத்து மைசூர் மைன்ஸ் குடியிருப்பிலிருந்து வரும் ரமேஷ் வேலை நேரம் முழுக்க மேசையில் தலை வைத்துத் தூங்கினான். என் கண்ணாலேயே பார்த்தேன். ஆனால் குழுத் தலைவி மேரி, ஒத்துழைப்பில் அவனுக்கு நாலாவது கட்டத்தில் டிக் அடித்திருந்தாள்.

கூப்பிட்டு விசாரித்தேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை: "அவன் முழிச்சிருந்தா கோந்து பாட்டில கவுத்துருப்பான் டீச்சர். தூங்குனதாலதான் வேலை முடிஞ்சுது."

ஜெயராமன் சார் சிரித்தார்

ஆசிரியர் அட்டையில் 'வகுப்பறையில் இனிய சூழல்' என்று ஒரு வரி. கணக்கு வாத்தியார் ஜெயராமன் சார் நேர்மையானவர். தனக்குத்தானே முதல் லெவல் போட்டுக்கொண்டார். அவர் வராந்தாவில் வந்தாலே பக்கத்து வகுப்பும் அமைதியாகிவிடும். அதோடு விடவில்லை, திருந்துவது என்று முடிவெடுத்துவிட்டார். மறுநாள் வகுப்புக்குள் போய்ச் சிரித்தபடி நின்றார். வட்டத்தைப் பற்றி ஒரு ஜோக்கும் சொன்னார். யாரும் அசையவில்லை. கடைசியில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாளாம்: "சார், உடம்புக்கு இன்னா ஆச்சு? ஹெச்.எம். மேடத்த கூப்பிடட்டுமா?"

இதை ஸ்டாஃப் ரூமில் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். அவர் பல்லை அன்றுதான் நாங்கள் பார்த்தோம். கன்னட டீச்சர் என் காதில் சொன்னார்: "இந்தச் சிரிப்பையே அங்க போய் சிரிச்சிருக்கலாம்."

என் முறை

என் வேலை நிரந்தரமாவது அந்த ஆசிரியர் அட்டையில்தான் இருந்தது. தாளாளர் ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பார்ப்பார் என்றார்கள். என் அப்பாவுக்கு வேலை போயிருந்த சமயம். வீடு என் சம்பளத்தில் ஓடியது. முந்தின வாரமே சார்ட் எல்லாம் வரைந்து வைத்தேன். அன்றைக்குத் தாளாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். இலையின் பாகங்களைச் சொல்லத் தொடங்கி, பூவின் சார்ட்டை மாட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் சிரிக்காததுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

மணி அடித்ததும் தாளாளர் எழுந்து, "டீச்சர் தினமும் இப்படித்தான் நடத்துவாங்களா?" என்று வகுப்பைக் கேட்டார். எல்லோரும் பெஞ்சைப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் கஸ்தூரி எழுந்தாள். வருகைப் பதிவுக்குக்கூடக் கையை மட்டும் தூக்கும் பெண் அவள். அவள் குரலை வகுப்பில் நான் கேட்டதே இல்லை. "இல்ல சார்," என்றாள். என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அவள் உட்காரவில்லை. "டெய்லி நல்லா நடத்துவாங்க. புரியலன்னா வேற மாதிரி சொல்லுவாங்க. இன்னிக்கு நீங்க வந்தீங்கன்னு பயந்துட்டாங்க. நீங்க போனா நல்லா நடத்துவாங்க சார்."

தாளாளர் வெளியே போனார். நான் கஸ்தூரியின் தலையில் கை வைத்தேன். அடுத்த வாரம் ஹெச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டு நிரந்தர உத்தரவைக் கொடுத்தார். பாடம் நடத்துவதில் எனக்கு இரண்டாவது லெவல்தானாம். பிறகு எப்படி என்று கேட்டேன். மேடம் சொன்னார்: "பேசாத பொண்ணு உனக்காகப் பேசிச்சில்ல, அதுக்கு இந்த அட்டையில கட்டம் இல்லன்னு தாளாளர் என்னைத் திட்டிட்டுப் போனார்."

ஆக, வருஷம் முழுக்க நாங்கள் டிக் அடித்துக் கை வலித்ததுதான் மிச்சம், பிள்ளைகள் எங்களை மதிப்பிட்டு எப்போதோ முடித்துவிட்டிருந்தார்கள்.